ஹுட்ஹுட்: இஃபுகாவ் மக்களின் வயல்காவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடக்கே கோர்தில்லேரா மலைத்தொடரில் வாழ்பவர்கள் இஃபுகாவ் மக்கள். அவர்களுடைய வாய்மொழிக் காவியம் ஹுட்ஹுட். இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அதே பதினைந்து, இருபது சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் பலவும் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசுகின்றன.

ஹுட்ஹுட்னு தேடினா விசாகப்பட்டினப் புயல்தான் வருது. இது என்ன ஹுட்ஹுட்?

இரண்டும் வேறு வேறு. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலின் பெயர் ஓமன் நாடு கொடுத்தது. அரபியில் அது கொண்டலாத்திப் பறவையைக் குறிக்கும். இஃபுகாவ் சொல்லோடு அதற்கு ஒலி ஒற்றுமை மட்டுமே உண்டு.

இங்கே பேசப்படும் ஹுட்ஹுட், பெண்கள் கூட்டமாகப் பாடிச் சொல்லும் நெடுங்கதை. வயலில் களை எடுக்கும்போதும் கதிர் கொய்யும்போதும், இறந்தவர் வீட்டில் இரவு விழித்திருக்கும்போதும் பாடுவார்கள். 'இஃபுகாவ்' என்ற பெயருக்குக் குன்றில் இருப்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். மலைச்சரிவில் படிபடியாக வெட்டி, கல்லும் மண்ணும் கொண்டு கரை கட்டிய நெல்வயல்கள் அவர்களுடையவை. அவற்றில் ஐந்து தொகுதிகள் 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின. ஹுட்ஹுட்டை யுனெஸ்கோ 2001இல் மனிதகுலத்தின் அரிய வாய்மொழி மரபுகளில் ஒன்றாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது.

இது ஒரே கதையா, பல கதையா? மொத்தம் எவ்வளவு நீளம்?

பல கதைகள். ஒவ்வொன்றுக்கும் நாயகன் அல்லது நாயகியின் பெயரும் ஊரின் பெயரும் சேர்ந்த அடையாளம் இருக்கும்: இன்ன ஊரில் இன்னாருடைய ஹுட்ஹுட் என்று. ஹன்னங்கா, கோன்ஹாதன் போன்ற ஊர்ப் பெயர்கள் அடிக்கடி வரும். அலிகுயோன், புகன், அகினாயா போன்ற ஆட்பெயர்களும் அப்படியே. ஒரு கதையில் வரும் புகனும் இன்னொரு கதையில் வரும் புகனும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாகப் படிப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

200க்கும் மேற்பட்ட பாடல்கள், ஒவ்வொன்றிலும் 40 பகுதிகள் என்பது யுனெஸ்கோ தரும் கணக்கு. முழுதாகப் பாட சில நாட்கள் ஆகலாம் என்றும் அது சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் பெருக்கி 'எட்டாயிரம் அத்தியாயக் காவியம்' என்று எழுதாதீர்கள். பதிவாகியுள்ள பாடல்கள் நீளத்தில் ஒன்றுக்கொன்று நிறையவே வேறுபடுகின்றன.

அலிகுயோன் கதைதான் எல்லாரும் சொல்றாங்க. அதைச் சுருக்கமா சொல்லுங்க.

ஹன்னங்கா ஊரில் அம்தலாவ், துமுலாவ் தம்பதிக்குப் பிறந்தவன் அலிகுயோன். போர்க்கலையும் மந்திரமும் தகப்பனிடம் கற்றுக்கொள்கிறான். வளர்ந்ததும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு, தகப்பனுக்குப் பகைவனான பங்காயிவானைத் தேடி டலிக்டிகன் ஊருக்குப் போகிறான். அங்கே கிழவன் எதிரே வரவில்லை. அவன் மகன் பும்பக்ஹாயோன் வருகிறான். அலிகுயோன் எறிந்த ஈட்டியை அவன் ஒரு கையால் பிடித்துத் திருப்பி எறிகிறான், அலிகுயோனும் அதை அதே மாதிரி பிடிக்கிறான். இப்படியே மூன்று ஆண்டுகள். கடைசியில் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு உண்டாகிறது. சண்டை நிற்கிறது, இரண்டு ஊரும் சமாதானம் ஆகின்றன. பும்பக்ஹாயோனின் தங்கை புகனை அலிகுயோனும், அலிகுயோனின் தங்கை அகினாயாவைப் பும்பக்ஹாயோனும் மணக்கிறார்கள்.

இது ஒரு வடிவம். பெயர்களும் காலக்கணக்கும் பாடுபவரைப் பொறுத்து மாறும். கதை இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். சுருக்கினால் இவ்வளவுதான். ஆனால் ஹுட்ஹுட்டின் நேரம் போவது சண்டையில் மட்டும் இல்லை. ஒருவர் வீட்டுப் படியிறங்குவது, வெற்றிலை பாக்கு எடுத்துச் சுண்ணாம்பு தடவுவது, எதிர்ப்பட்டவரிடம் நீட்டுவது, வந்தவருக்கு அரிசி மது ஊற்றுவது என்று நாள்நடப்பு முழுவதும் பாட்டாக வரும்.

யார் பாடுவாங்க? ஆம்பளைங்க பாடவே மாட்டாங்களா?

பெரும்பாலும் பெண்கள், அதிலும் வயதானவர்கள். முன்னின்று பாடுபவரை முன்ஹாவே என்பார்கள். அவருக்குப் பின்பாட்டுப் பாடும் கூட்டம் முனப்புய். ஊரில் முன்ஹாவேக்குத் தனி மரியாதை உண்டு. குலக் கதைகளையும் வழக்கங்களையும் நினைவில் வைத்திருக்கும் ஆள் அவர்தான்.

ஆண்கள் சேர்ந்து பாடினால் தீட்டு, குற்றம் என்றெல்லாம் கிடையாது. களை எடுப்பதும் கதிர் கொய்வதும் பெண்களின் வேலை, அந்த வேலையோடு வந்த பாட்டு இது, அவ்வளவுதான். ஆண்களுக்கென்று அலிம் என்ற வேறொரு பாட்டு இருக்கிறது. செல்வர்கள் தங்கள் தகுதியை நிலைநாட்டக் கொடுக்கும் பெரிய விருந்துகளில் அது பாடப்படும். இணையத்தில் பல இடங்களில் அலிமையும் ஹுட்ஹுட்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதியிருக்கிறார்கள்.

ஒத்திகை எதுவும் இல்லாம இத்தனை பேர் எப்படி ஒண்ணா பாடுறாங்க? எல்லாரும் மனப்பாடமா?

எல்லோருக்கும் முழுக் கதையும் மனப்பாடம் இல்லை, இருக்கவும் தேவையில்லை. கதை முன்ஹாவேயின் தலையில் இருக்கிறது. கூட்டத்துக்குத் தெரிய வேண்டியது முடிப்புத் தொடர்கள்.

முன்ஹாவே தனியாக ஒரு வரியைத் தொடங்குவார். அதில் யார், என்ன செய்தார் என்ற புதுச் செய்தி இருக்கும். வரியின் பின்பாதியில் ஒரு பெயரோ, ஊரோ, பழகிய ஒரு தொடரோ தலைகாட்டும். அது காதில் விழுந்ததும் கூட்டம் உள்ளே வந்து வரியை இழுத்து முடிக்கும். ஆட்பெயர் வந்தால் தகப்பன் பெயரும் கூடவே வர வேண்டும்: 'அலிகுயோன் நக் அம்தலாவ்'. 'நக்' என்றால் பிள்ளை. அலிகுயோன் என்று கேட்டவுடன் மீதி தானாகவே எல்லார் வாயிலும் வந்துவிடும். மெட்டு எல்லா வரிகளுக்கும் ஒன்றே என்பதால், எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்ற குழப்பமும் குறைவு.

இதனால்தான் கற்கும் முறையும் ஒரே மாதிரி இருந்தது. சிறுமி முதலில் வரிசையில் நின்று முடிப்புத் தொடர்களைப் பிடிக்கிறாள். பிறகு யார் யாருக்கு மகன், எந்த ஊர் யாருடையது என்ற உறவுகள் மனதில் உட்காருகின்றன. கதையின் போக்கு அதன் பின்னால் வருகிறது. தனியாக வரி தொடங்கும் துணிச்சல் கடைசியில், பல ஆண்டுகளுக்குப் பிறகு. பெயரைத் தப்பாகத் தொடங்கினால் கூட்டம் அந்தத் தப்பை அப்படியே பலத்த குரலில் முடித்து வைத்துவிடும். முன்ஹாவே ஆவதற்கு நல்ல குரலைவிட உறவுமுறையில் பிசகாத நினைவு முக்கியம் என்பது இதனால்தான்.

அறுவடைப் பாட்டுன்னு சொல்றீங்க, சாவு வீட்டுலயும் பாடுறாங்கன்னு சொல்றீங்க. எது சரி?

இரண்டும் சரி. வயலில் பாடுவது பகல் பாட்டு. களை எடுப்பு, அறுப்பு இரண்டுக்கும் பொது. இஃபுகாவ் மலையின் பழைய நெல் வகைகளைத் தினாவோன் என்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை விளைவது என்று பொருள். உயரமாக வளரும் இந்த நெல்லைக் கையடக்கமான கத்தியால் ஒவ்வொரு கதிராகக் கொய்து கட்டுவார்கள். பெண்கள் வரிசையாக நின்று மெதுவாக முன்னேறும் வேலை இது. குனிந்து அரிவாள் வீசத் தேவையில்லை, மூச்சு வாங்காது, பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்கும். பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் எது? மாலையில் வேலை நிற்கும் இடத்தில் கதையும் நிற்கும்.

சாவு வீட்டில் பாடுவது இரவுப் பாட்டு. மதிப்புள்ள ஒருவர் இறந்தால் உடலருகே இரவெல்லாம் பாடுவார்கள். இறந்தவரின் உயிரை முன்னோர் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டிக் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம். பல ஆண்டுகளுக்குப் பின் எலும்புகளை எடுத்துத் துடைத்து, துணியில் சுற்றி வைக்கும் போக்வா என்ற சடங்கிலும் ஹுட்ஹுட் உண்டு. சில ஊர்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு முடி வெட்டும் சடங்கிலும் பாடியிருக்கிறார்கள்.

அப்படின்னா இது சாமி பாட்டா? பூசாரி வேணுமா?

வயலில் பாடும் ஹுட்ஹுட்டுக்குப் பூசாரி தேவையில்லை. இஃபுகாவ் சமயச் சடங்கு பாக்கி எனப்படும். அதை நடத்துபவர் மும்பாக்கி, அவர் ஆண். கோழியும் பன்றியும் பலியிட்டு, தெய்வங்களையும் முன்னோரையும் பெயர் சொல்லி அழைப்பது அவர் வேலை. ஹுட்ஹுட் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பது. கதைக்குள் மட்டும் பாக்கி வரும்: போருக்குக் கிளம்பும் நாயகன் கோழியறுத்துப் பித்தப்பையைப் பார்த்துச் சகுனம் கேட்பான்.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் அதன் விளைவு பெரியது. மக்கள் கத்தோலிக்கத்துக்கும் பிற கிறிஸ்தவச் சபைகளுக்கும் மாறியபோது பாக்கியைத்தான் முதலில் விட்டார்கள். ஹுட்ஹுட் கதைப்பாட்டு என்பதால், தேவாலயம் போகும் பெண்களும் மனச்சங்கடம் இல்லாமல் பாட முடிந்தது. ஆனாலும் மதமாற்றம் பாட்டைத் தொடாமல் விடவில்லை. சாவுச் சடங்குகளின் வடிவம் மாறியதில் இரவுப் பாட்டின் இடம் சுருங்கியது.

கதையில வர்றவங்க எல்லாரும் பணக்காரங்களாவே இருக்காங்களே. ஏழைகளுக்கு இதுல என்ன பாடம்?

நல்ல கவனிப்பு. நாயகர்கள் எல்லோரும் கடங்யான் வகுப்பு: நிறைய வயலும், நிரம்பிய களஞ்சியமும், பரம்பரைச் சேகண்டியும் ஜாடியும் உடைய குடும்பங்கள். அவர்கள் கதையைச் சேற்றில் நின்று பாடுபவர்கள் அந்த வயலில் வேலைக்கு வந்த பெண்கள்.

பணக்காரன் எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தப் பெண்கள் அவன் வயலிலேயே நின்று நாள்முழுக்கச் சொல்கிறார்கள். இஃபுகாவ் வழக்கப்படி வயல் இருப்பதால் மட்டும் ஒருவர் கடங்யான் ஆகிவிட மாட்டார். உயாவுய் என்ற பெரிய விருந்தைக் கொடுத்து, பன்றியும் எருமையும் அறுத்து, அரிசி மதுவை ஊரெல்லாம் ஊற்றினால்தான் அந்தத் தகுதி. அதற்கும் மேலே போக விரும்புபவர் ஹகபி என்ற நீளமான மரப் பலகையிருக்கையைச் செதுக்கி, ஊரார் கூடித் தூக்கிவர, விருந்து வைக்க வேண்டும். ஹுட்ஹுட் நாயகனுக்கும் கதை முடிவது திருமண விருந்தில்தான். பூட்டிவைத்த செல்வத்துக்குப் பாட்டு இல்லை. இந்தக் காவியத்தின் பாடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், போர்வீரத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வோம்.

மூணு வருஷம் சண்டை போட்டு யாருமே ஜெயிக்கலைன்னா கதைக்கு என்ன அர்த்தம்?

பழைய இஃபுகாவ் சமூகத்தில் அரசன் இல்லை, ஊர்த்தலைவன் இல்லை, காவலர் இல்லை, நீதிமன்றமும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியாங்கன் பகுதியில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ராய் ஃப்ராங்க்ளின் பார்ட்டன் அவர்களின் வழக்குச் சட்டத்தை விரிவாகப் பதிவு செய்து 1919இல் வெளியிட்டார். அதில் தெரிவது இது: ஒரு தகராறில் நிற்பது தனிமனிதர் அல்ல, இருபக்கத்துச் சொந்தமும்தான். நடுவில் மொன்கலுன் என்ற தூதர் ஒருவர் இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து அபராதத்தைப் பேசி முடிப்பார். பேச்சு முறிந்தால் பழிக்குப் பழி. தலை கொய்வதும் அதில் அடக்கம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் ஜெயித்தால் பகை முடியாது. தோற்றவனுடைய சொந்தக்காரர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். அலிகுயோனும் பும்பக்ஹாயோனும் சமமாக நிற்பதால்தான் சமாதானம் கைகூடுகிறது. அதற்குக் காவல் யார்? எழுதிய ஒப்பந்தம் இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுதான் காவல். இரண்டு தங்கைகளும் இரண்டு ஊரிலும் இருக்கும்போது, ஓர் ஊரைத் தாக்குவது சொந்த மருமக்களைத் தாக்குவதாகிவிடும். 'வீரர்கள் நட்பாகி, பிறகு கல்யாணமும் ஆனது' என்று சுருக்கம் எழுதுபவர்கள் கல்யாணத்தைக் கதையின் வாலாக ஆக்கிவிடுகிறார்கள். கதையின் முதுகெலும்பே அதுதான்.

புகன் கிட்டத்தட்ட கைக்குழந்தையா இருக்கும்போதே அலிகுயோன் தேர்ந்தெடுக்கிறானாமே? இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது?

அந்த வடிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவளைத் தன் வீட்டில் வளர்த்து, அவள் பெரியவளான பிறகு மணக்கிறான். கடங்யான் குடும்பங்களில் வயல் கைவிட்டுப் போகாமல் இருக்கப் பெற்றோர் சிறுவயதிலேயே சம்பந்தம் பேசி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தைத்தான் பாட்டு காட்டுகிறது.

பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டாம், அழகாக்கவும் வேண்டாம். நிலத்துக்காகக் குழந்தைகளின் வாழ்க்கையைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்த காலம் அது, இன்று அது தவறு, பிலிப்பைன்ஸிலும் சட்டப்படி குற்றம் என்று நேராகச் சொல்லுங்கள். புகனின் வயதைச் சத்தமில்லாமல் மாற்றி எழுதிய பாடப்பிரதிகளைவிட இது நேர்மையானது. ஒரு காவியத்தை மதிப்பதற்கு அதில் உள்ள எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை.

யுனெஸ்கோ இவங்களைத் தாய்வழிச் சமூகம்னு எழுதியிருக்கு. வேற இடத்துல அப்படி இல்லைன்னு படிச்சேன். எதை நம்புறது?

உங்கள் சந்தேகம் சரியானது. யுனெஸ்கோ குறிப்பு தாய்வழி என்றே சொல்கிறது. ஹுட்ஹுட்டில் மனைவிக்கே முதன்மை, கணவனைவிடப் பெண்ணின் சகோதரனுக்கு உயர்ந்த இடம் என்று அதைக் கதையோடும் இணைக்கிறது. மானிடவியலர்கள் பதிவு செய்த இஃபுகாவ் உறவுமுறையோ இருவழியானது: தாய்வழிச் சொந்தமும் தகப்பன்வழிச் சொந்தமும் சம எடை. நெல்வயல்களில் சிறந்த பங்கு மூத்த பிள்ளைக்குப் போகும். அது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. 'நக்' என்று தகப்பன் பெயரோடு ஆளை அழைப்பதையும் மேலே பார்த்தோம். முழுத் தாய்வழிச் சமூகத்தில் அது எளிதில் பொருந்தாது.

எனவே 'பெண்ணுக்கு நிலவுரிமையும் பாட்டில் முதலிடமும் உள்ள இருவழிச் சமூகம்' என்று எழுதினால் தவறு வராது. சகோதரனுக்கு உயர்ந்த இடம் என்பது கதையைப் பொறுத்தவரை உண்மைதான். அலிகுயோன் கதை முடிவதே இரண்டு சகோதரர்கள் தங்கைகளை மாற்றிக் கொடுப்பதில்தானே.

இது 7ஆம் நூற்றாண்டுக்கும் முந்தையதாமே? படிவயல்களுக்கு 2000 வருஷ வயசாமே?

7ஆம் நூற்றாண்டுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. யுனெஸ்கோவே 'கருதப்படுகிறது' என்றுதான் எழுதியிருக்கிறது. எழுத்தில் இல்லாத ஒரு பாட்டுக்குப் பிறந்த ஆண்டு குறிப்பது கடினம். ஒவ்வொரு தலைமுறையும் பாடும்போதே புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறது.

வயல்களின் வயது பற்றிய கருத்து மாறிக்கொண்டிருக்கிறது. 2000 ஆண்டு, 3000 ஆண்டு என்ற பழைய மதிப்பீடு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஆய்வாளர்கள் சொன்னது; அகழாய்வு செய்து கண்டதில்லை. தொல்லியலாளர் ஸ்டீஃபன் அகபாடோவும் அவருடைய குழுவும் பழைய கியாங்கன் ஊர்ப் பகுதியில் செய்த அகழாய்வுகள், நீர்தேக்கி நெல் பயிரிடும் இப்போதைய படிவயல்கள் சுமார் 400 ஆண்டுக்காலத்தவை என்று காட்டுகின்றன. ஸ்பானியர் தாழ்நிலத்தைப் பிடித்தபோது மக்கள் மலைக்குள் நகர்ந்து, வேகமாக வயல்களைப் பெருக்கினார்கள் என்பது அவர்கள் விளக்கம். உள்ளூரில் சிலருக்கு இது வயதைக் குறைத்ததாக வருத்தம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. 300 ஆண்டுக்கு மேல் ஸ்பானிய ஆட்சிக்குள் முழுதாக அடங்காமல் நின்ற மக்களின் உழைப்புக்கு இதுவே பெரிய சாட்சி.

பிலிப்பைன்ஸ்ல ராமாயணம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். இதுதானா அது?

இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது மகராதியா லவானா. தெற்கே மின்டனாவ் தீவில், லனாவ் ஏரிக் கரையில் வாழும் மரனாவ் மக்களிடம் உள்ள கதை. ராவணன் பெயர் அங்கே லவானா என்று ஆகியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் அறிஞர் ஹுவான் ஃபிரான்சிஸ்கோ அதை 1960களில் வெளிக்கொண்டு வந்தார். அதே மரனாவ் மக்களின் பெருங்காவியம் தரங்கென். அது வேறு. 17 சுற்றுகளும் 72,000 வரிகளும் கொண்டது. பந்துகன் என்ற வீரன் அதில் நாயகன்.

இஃபுகாவ் ஹுட்ஹுட்டில் ராமகதையின் சுவடு கிடையாது. கடல்வழி வணிகம் தொட்ட தெற்கும், மலைக்குள் இருந்த வடக்கும் வேறு வேறு உலகங்கள்.

புத்தகமா கிடைக்குமா? மொழிபெயர்ப்புல கொஞ்சம் படிச்சேன், சொன்னதையே சொல்ற மாதிரி இருந்துச்சு.

அலிகுயோன் கதையைக் கவிஞர் அமடோர் டகியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1952இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். பெல்ஜியப் பாதிரியார் ஃபிரான்சிஸ் லாம்ப்ரெக்ட் பல ஹுட்ஹுட்களை இஃபுகாவ் மூலத்தோடு சேர்த்து 1950, 60களில் வெளியிட்டார். மதமாற்றம் பாட்டைச் சுருக்கியது என்று மேலே சொன்னோம். அதே திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அதை எழுதி வைத்ததையும் சொல்வதுதான் நியாயம்.

சொன்னதையே சொல்வதாகத் தோன்றக் காரணம், கூட்டத்தின் வரிகளும் காகிதத்துக்கு வந்துவிடுவதுதான். வயலில் அந்த முடிப்புத் தொடர் பலர் சேர்ந்து எழுப்பும் ஒலி. புத்தகப் பக்கத்தில் அது வெறுமனே மறுபடியும் ஒரு பெயர். ஒலிக்குறிப்புச் சொற்களும் உவமைகளும், ஒன்றின் பெயரால் இன்னொன்றைச் சொல்வதும் நிறைய. எழுத்தில் பிடிப்பது கடினம், வேறு மொழிக்கு மாற்றுவது அதைவிடக் கடினம். சில மொழிபெயர்ப்பாளர்கள் திரும்ப வருவதை வெட்டினார்கள். படிக்க எளிதாயிற்று, ஹுட்ஹுட் கெட்டது. படிக்கும்போது முடிப்புத் தொடர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சலிப்பு பாதி குறையும்.

அறுவடை இயந்திரம் வந்ததாலதான் பாட்டு போச்சா?

இயந்திரமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் குறுகலான மலைப்படிகளில் பெரிய இயந்திரம் ஏறாது. நெல் மாறியதுதான் பெரிய அடி என்று நினைக்கிறோம். குறுகிய கால, குட்டையான புது நெல் வகைகள் வந்தபோது, கதிர் கதிராகக் கொய்வது போய், அரிவாளால் அடியோடு அறுத்து அங்கேயே அடிக்கும் முறை வந்தது. வேகம் கூடியது. பெண்கள் வரிசை கலைந்தது. பாட்டு நிற்க வரிசை வேண்டும்.

அடுத்தது கூலி. முன்பு 'உப்பு' (ubbu, இஃபுகாவ் சொல்; நம் சமையல் உப்பு இல்லை) என்ற முறை இருந்தது: இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வருவார்கள். பணக்கூலி வந்தபின் ஆள் குறைந்தார்கள். இளையவர்கள் படிப்புக்கும் வேலைக்கும் பாகியோ, மணிலா, வெளிநாடு என்று போனார்கள். பார்க்க ஆளின்றிக் கரைகள் இடிந்தன, தங்கநத்தை என்ற வெளிநாட்டு நத்தை நாற்றைத் தின்றது. 2001இல் யுனெஸ்கோ படிவயல்களை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்து, 2012இல்தான் நீக்கியது. ஹுட்ஹுட் அறிவிக்கப்பட்டதும் அதே 2001. வயலும் பாட்டும் ஒரே மூச்சில் தளர்ந்தன.

இப்ப பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் கொடுக்கிறாங்களே, பிழைச்சுக்காதா?

நல்ல முயற்சிதான். பண்பாட்டுக்கும் கலைகளுக்குமான தேசிய ஆணையத்தின் உதவியோடு, முதிய பாடகிகளே சிறுவர்களுக்குக் கற்றுத்தரும் 'வாழும் மரபுப் பள்ளிகள்' இஃபுகாவில் நடந்திருக்கின்றன. பள்ளிகளுக்கிடையே போட்டிகளும் உண்டு. இவை இல்லாவிட்டால் மெட்டுக்கூட இளையவர் காதில் விழுந்திருக்காது.

குறை எங்கே வருகிறது? மேடையில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு பகுதியை வரிக்கு வரி மனப்பாடம் செய்து, சீருடையோடு பாடுகிறார்கள். கூட்டமாக முடிப்பது நன்றாகவே வருகிறது. எழுதி வைத்திருக்கும் பகுதிக்கு அப்பால் கதையைத் தானாக நடத்திச் செல்லும் முன்ஹாவே மட்டும் அதில் உருவாவதில்லை. மேலே சொன்ன கற்கும் வரிசையில் கடைசிப் படி அது. மேடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அந்தப் படிக்கு இடமில்லை. ஓர் அறுவடைக் காலம் முழுவதும் சிறுமியை வரிசையில் நிறுத்தும் ஊரில்தான் அது நடக்கும். அப்படிப்பட்ட ஊருக்குத் தினாவோன் நெல்லும் அதை நல்ல விலைக்கு வாங்க ஆளும் வேண்டும். பாட்டைக் காக்க நினைப்பவர்கள் நெல் விலையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

எங்க பள்ளியில அலிகுயோன் கதையை நாடகமா போடலாம்னு இருக்கோம். என்ன கவனிக்கணும்?

நாடகமாகப் போடுவதில் தவறில்லை. ஹுட்ஹுட் என்று பெயர் வைக்காமல் 'ஹுட்ஹுட்டிலிருந்து எடுத்த கதை' என்று அறிவியுங்கள். ஆடும் மாணவர்களைத் தவிர, ஓரத்தில் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து, பெயர்கள் வரும்போதெல்லாம் 'அம்தலாவின் மகன் அலிகுயோன்' என்று சேர்ந்து முடிக்கச் சொல்லுங்கள். காவியத்தின் உடல் எப்படி இயங்குகிறது என்பது பார்ப்பவருக்கு அதிலேயே புரிந்துவிடும். ஈட்டிச் சண்டைக்கு ஒரே ஒரு ஈட்டி போதும், அது இருவர் கையிலும் மாறி மாறிப் போக வேண்டும். இறகும் எலும்பும் மாட்டிக் காட்டுவாசி வேடம் போடாதீர்கள். அவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பொறியாளர்களாகவும் இருக்கும் மக்கள்.

முதல் தடவையா ஒரு பதிவைக் கேட்கப் போறேன். மொழி தெரியாது. எதைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்கிறது?

குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். மெட்டு மாறும் என்று காத்திருக்க வேண்டாம், மாறாது. தனிக்குரல் எது, கூட்டம் எங்கே நுழைகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு 'நக்' என்ற சொல்லைத் தேடுங்கள்; அதற்கு முன்னும் பின்னும் வருபவை பெயர்கள். அலிகுயோன், புகன், ஹன்னங்கா என்று நாலைந்து பெயர் பிடிபட்டால் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியத் தொடங்கும்.

வயலில் எடுத்த பதிவானால் நடுவே பேச்சும் சிரிப்பும் இருமலும் கேட்கும். அவற்றை வெட்டாத பதிவையே தேர்ந்தெடுங்கள். கூட்டம் வரியை இழுத்து முடிக்கும்போது முன்ஹாவேயின் குரல் சில சமயம் அடங்கியிருக்கும். வெற்றிலைச் சாற்றை விழுங்கி, மூச்சு எடுத்து, அடுத்த வரியை அவர் யோசிப்பது அந்தச் சில நொடிகளில்தான்.